தவளை நீச்சலில் தண்ணீர் எங்கே பிடித்து இழுக்கிறது?

ஏழு வயதில் என் முதுகில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டி, தோட்டத்துக் கிணற்றில் இறக்கிவிட்டார் எங்கள் அப்பாரு. பத்து நாளில் புருடையைக் கழற்றிவிட்டேன். கோபிசெட்டிபாளையம் பக்கம் என் வயதுக்காரர்கள் பலரும் இப்படித்தான் பழகினோம். கிணறு இல்லாதவர்கள் தடப்பள்ளி வாய்க்காலில் பழகினார்கள். தலையை நிமிர்த்திக்கொண்டு, கையால் தண்ணீரை விலக்கி, காலைத் தவளை மாதிரி மடக்கி உதைக்க வேண்டும். இதைத்தான் குளத்தில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் என்கிறார்கள் என்பதே எனக்கு 41 வயதில், முதல்முறை ஒரு நீச்சல் குளத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது.

அந்தக் குளம் 25 மீட்டர் நீளம். நான் கணக்கு டீச்சர், எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. ஒரு கை இழுப்பும் ஒரு உதையும் சேர்ந்தது ஒரு ஸ்ட்ரோக். முதல் நாள் மறுகரை சேர எனக்கு 27 ஸ்ட்ரோக் ஆனது. பக்கத்து லேனில் அறுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் 11 ஸ்ட்ரோக்கில் போய்ச் சேர்ந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும்போது அவர் சாவகாசமாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், உடம்பில் என்னைவிட அதிக பலம் இருந்ததாகத் தெரியவில்லை. அப்படியானால் என் பலம் எங்கே போகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி நாலு வருஷம் ஆகிறது. இப்போது நான் 13 ஸ்ட்ரோக்கில் போகிறேன். நான் திருத்திக்கொண்டதை, திருத்திய வரிசையிலேயே எழுதுகிறேன். ஓரளவு நீந்தத் தெரிந்து, ஆனால் சீக்கிரம் களைத்துப்போகிறவர்களுக்கு இது உதவும்.

முதலில் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடலாம். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர் ஓடும்போது அதற்கு எதிரே மார்பைக் காட்டி நின்றிருக்கிறீர்களா? காலை ஊன்ற முடியாமல் தள்ளும். அதே இடத்தில் பக்கவாட்டில் திரும்பி நின்றால் தள்ளல் சட்டென்று குறையும். ஆளும் அதே ஆள், தண்ணீரும் அதே தண்ணீர். தண்ணீருக்கு எதிரே நாம் காட்டும் பரப்புதான் மாறியது. நீந்தும்போது தண்ணீர் நிற்கிறது, நாம் போகிறோம். மற்றபடி இரண்டும் ஒன்றுதான்.

தண்ணீரின் அடர்த்தி காற்றைப் போல சுமார் 800 மடங்கு. அதோடு, வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் இன்னும் ஓங்கி உதைத்து வேகத்தைக் கூட்டப் பார்த்தால் சக்தி கரைந்துகொண்டே போகும், வேகம் கொஞ்சம்தான் கூடும். அதே உழைப்பை உடம்பை ஒடுக்கமாக வைத்துக்கொள்வதில் போட்டால் பலன் உடனே தெரியும்.

மற்ற நீச்சல்களைவிடத் தவளை நீச்சலில் இது பெரிய விஷயம். ஃப்ரீஸ்டைலில் கை காற்றில் முன்னே வருகிறது. இங்கே கையும் காலும் தண்ணீருக்குள்ளேயே முன்னே வர வேண்டும். முன்னே வரும் ஒவ்வொரு முறையும் அவை பிரேக் போடுகின்றன. உலகச் சாதனைகளைப் பார்த்தாலே இது புரியும். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் ஜான்லெ 46.40 நொடியில் நீந்தினார். தவளை நீச்சலில் இங்கிலாந்தின் ஆடம் பீட்டி 2019-இல் தென் கொரியாவின் குவாங்ஜுவில் எடுத்த நேரம் 56.88 நொடி. இருவருமே அவரவர் நீச்சலில் உச்சம் தொட்டவர்கள். பத்து நொடிக்கு மேல் வரும் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த பிரேக்தான். அதை முழுசாக எடுத்துவிட முடியாது. குறைக்கலாம்.

சரி, குளத்துக்குள் இறங்குவோம். முதல் இரண்டு வாரம் நான் நீந்தவே இல்லை என்று சொல்லலாம். சுவரை உதைத்துவிட்டு, கையைத் தலைக்கு மேல் நீட்டி, ஒரு உள்ளங்கையின் மேல் மறு கையை வைத்து, காதைப் புஜங்களுக்கு நடுவில் ஒடுக்கி, காலை ஒட்டவைத்து அப்படியே போவேன். ஒரு அசைவும் கிடையாது. நின்றபிறகு எவ்வளவு தூரம் வந்தேன் என்று டைல்ஸை எண்ணுவேன். ஆரம்பத்தில் நாலு மீட்டர்கூட வரவில்லை. முகத்தைத் தூக்கி முன்னால் பார்ப்பது எனக்குக் கிணற்றுப் பழக்கம். கண்ணைக் குளத்தின் தரைக்குத் திருப்பியதும் ஐந்தரை மீட்டர் வந்தது. வயிற்றை லேசாக உள்ளே இழுத்து, கால் விரலை நீட்டியதும் ஏழு. இத்தனைக்கும் சுவரை உதைத்த பலம் மாறவே இல்லை.

காரணம் எளிது. நெஞ்சுக்குள் காற்று நிறைந்த நுரையீரல் இருக்கிறது. அதுதான் நமக்குச் சுரைப்புருடை. இடுப்பும் தொடையும் கனம். அந்தக்கால ஏற்றம் மாதிரி, தலையும் நெஞ்சும் மேலே எழுந்தால் மறுமுனையில் கால் கீழே போகும். கால் தொங்கினால் வாய்க்காலில் மார்பைக் காட்டி நின்ற கதைதான். நெஞ்சைக் கொஞ்சம் தண்ணீருக்குள் அழுத்துங்கள், இடுப்பு தானாக மேலே வரும். இந்த மிதப்பு வராமல் கையையும் காலையும் திருத்துவதில் பெரிய பயன் இல்லை. அவசரப்படாதீர்கள்.

கிணற்று நீச்சலைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். படிக்கட்டு எங்கே, எதிரே யார் வருகிறார்கள் என்று பார்க்கத் தலை மேலே இருந்தாக வேண்டிய இடம் அது. ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் நீந்திக் கடந்த கேப்டன் மேத்யூ வெப் 1875-இல் 21 மணி 45 நிமிடம் இந்தத் தவளை நீச்சலில்தான் போனார். ஆபத்தில் உயிரைக் காப்பாற்றுவதும் பெரும்பாலும் இதுதான். குளத்தில் நீளம் நீளமாக நீந்தும்போதுதான் கணக்கு மாறுகிறது.

அடுத்தது கால். இந்த நீச்சலில் முன்னே தள்ளும் வேலையில் பெரும்பங்கு காலுடையது. என் தப்பில் பெரும்பங்கும் அங்கேதான் இருந்தது. இரண்டாம் மாதம் வலது முட்டியின் உட்புறத்தில் வலி வந்தது. படியேறும்போது சுருக்கென்று குத்தும். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் விரலால் அழுத்திப் பார்த்து, "நீந்துவீங்களா? பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கா?" என்று நேராகக் கேட்டார். முட்டியை அகலமாக விரித்து, வட்டம் போட்டு அடித்து மூடினால் உட்பக்க லிகமெண்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) இழுபடும். தவளை நீச்சல்காரர்களுக்கு இது அடிக்கடி வரும் வலி என்றார். மூன்று வாரம் காலுக்கு ஓய்வு கொடுத்தேன். அந்த ஓய்வில்தான் என் உதையைப் பற்றி உட்கார்ந்து யோசித்தேன்.

இரண்டு தப்பு இருந்தது. முதல் தப்பு, முட்டியை வயிற்றை நோக்கி இழுத்தது. அப்படி இழுத்தால் இரண்டு தொடையும் பலகை மாதிரி செங்குத்தாகத் தண்ணீருக்கு எதிரே நிற்கும். அந்த நொடியில் உடம்பு கிட்டத்தட்ட நின்றே போகிறது. பிறகு உதைத்து மறுபடி பூஜ்யத்திலிருந்து கிளம்ப வேண்டும். 27 ஸ்ட்ரோக்கிலும் நான் 27 தடவை நின்று கிளம்பியிருக்கிறேன். இதற்கு மாற்று, குதிகாலைப் பின்பக்கத்தை நோக்கிக் கொண்டுவருவது. தொடை அதிகம் மடங்காது. கீழ்க்கால் தொடையின் நிழலிலேயே ஒளிந்து வரும். முட்டி இடுப்பு அகலத்தைவிடக் கொஞ்சம் கூடினால் போதும்.

சரியாகச் செய்கிறோமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மல்லாந்து படுத்து, கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, வெறும் காலால் உதைத்துப் போங்கள். முட்டி தண்ணீருக்கு மேலே தலை காட்டினால் தொடையை இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். காட்டாமல் பத்து உதை போகும்வரை இதை விடாதீர்கள்.

இரண்டாவது தப்பு பாதம். இதை என் அக்கா மகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோதுதான் நானே முழுசாகப் புரிந்துகொண்டேன். பதினொரு வயதுப் பெண், பாய்ந்து பாய்ந்து உதைக்கிறாள், நகர மாட்டேன் என்கிறாள். குளத்தோரப் பெஞ்சில் அவளைக் குப்புறப் படுக்கவைத்து, காலை மடக்கச் சொல்லி, இரண்டு உள்ளங்காலிலும் என் உள்ளங்கையை வைத்தேன்.

"தள்ளு கண்ணு."

தள்ளினாள். பரதம் ஆடுகிற மாதிரி விரல்கள் நீண்டிருந்தன. பாதம் என் கையை விட்டு வழுக்கிப் போனது. கையில் ஒரு அழுத்தமும் இல்லை. குளத்திலும் அவள் காலிலிருந்து தண்ணீர் இப்படித்தான் வழுக்கிப் போகிறது. பாதத்தைப் பிடித்து, விரல்களை முட்டியை நோக்கி மேலே மடக்கி, இரண்டு பாதத்தையும் வாத்து நடையில் வெளிப்பக்கம் திருப்பினேன்.

"சித்தி, கூசுது!"

"கூசட்டும். பாதத்தை மட்டும் இப்படியே வை. இப்பத் தள்ளு."

இந்தத் தடவை குதிகாலும் உள்ளங்காலின் வளைவும் என் கையில் முழுசாகப் பதிந்தன. நான் ஒரு அடி பின்னால் போனேன். அவள் பெஞ்சில் முன்னால் நகர்ந்துவிட்டாள். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். சொல்ல வேறொன்றும் இருக்கவில்லை. அன்றைக்கே தண்ணீரில் அவள் உதை மாறியது.

அதாவது, மடக்கும்போது பாதம் தளர்வாக வரலாம். உதைக்கப் போகும் கணத்தில் அது வெளிப்பக்கம் திரும்பியாக வேண்டும். உள்ளங்காலும் கீழ்க்காலின் உட்பக்கமும் சேர்ந்துதான் தண்ணீரைப் பின்னால் தள்ளுகின்றன. தள்ளி முடிந்ததும் கால்கள் ஒட்டி, விரல் நீண்டுவிட வேண்டும். மடக்குவது மெதுவாக, உதைப்பது வேகமாக. மெதுவாக மடக்கினால் பிரேக் குறையும். எதிர்ப்பு வேகத்தோடு எப்படி ஏறுகிறது என்று முன்னால் சொன்னேனே, அதே கணக்கு. பலர் வெடுக்கென்று மடக்கி, சோம்பலாக உதைக்கிறார்கள். கணுக்கால் இறுக்கமாக இருந்தால் பாதம் திரும்பாது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, முட்டியை அசைக்காமல் பாதத்தை மட்டும் மேலே மடக்கி வெளியே திருப்பிப் பழகுங்கள். முட்டியில் வலி வந்தால் அன்றைக்கு உதையை நிறுத்திவிட வேண்டும். நான் பொறுத்துக்கொண்டு நீந்தியதுதான் மூன்று வார ஓய்வில் முடிந்தது.

கைக்கு இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. கிணற்றில் பழகியவர்கள் கையை இடுப்புவரை வாரி இழுப்போம். அப்படி இழுத்த கை திரும்பி முன்னே வர நீண்ட தூரம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வர வேண்டும். கை எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே இருக்கட்டும். தோளைவிடக் கொஞ்சம் அகலமாக விரித்து, முழங்கை கீழே விழாமல், உள்ளங்கையால் தண்ணீரைப் பிடித்து நெஞ்சுக்கு முன்னால் உட்பக்கமாக வழித்துக்கொண்டு வாருங்கள். கிரைண்டரில் மாவை இரண்டு கையாலும் ஓரத்திலிருந்து நடுவுக்கு வழிப்போம் இல்லையா, அந்த அசைவு. வழித்து முடித்த இடத்தில் கை நிற்கக் கூடாது. நெஞ்சுக்கு முன்னால் கைகூப்புகிற இடத்தில் பலரும் அரை நொடி ஓய்வெடுக்கிறார்கள். உடம்பு மிக அகலமாக இருக்கும் நேரம் அது. உடனே முன்னே நீட்டிவிடுங்கள்.

அந்த வழிப்பிலேயே தோள் தானாக மேலே எழும்பும். மூச்சு அங்கே எடுக்க வேண்டும். தனியாகத் தலையைத் தூக்க வேண்டியதில்லை. கண் ஒரு மீட்டர் முன்னால் தண்ணீரின் மேல் இருக்கட்டும், எதிர்ச்சுவரைப் பார்க்காதீர்கள். தண்ணீருக்குள் மூக்காலும் வாயாலும் குமிழி விட்டுக்கொண்டே இருந்தால், மேலே வரும்போது உள்ளே இழுக்கும் வேலை மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

இனி இவை எல்லாவற்றையும் சேர்க்கும் இடம். கையும் காலும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் ஒன்றை ஒன்று கெடுக்கும். கை இழுக்கும்போது கால் உதைத்தால், அந்த உதையின் வேகம் முழுவதும், மேலே எழும்பிய நெஞ்சிலும் விரிந்த கையிலும் மோதி வீணாகிறது. உதை விழும்போது கை முன்னே நீண்டு, முகம் தண்ணீருக்குள் போயிருக்க வேண்டும். ஒடுக்கமான உடம்புக்குப் பின்னாலிருந்து உதை வந்தால்தான் அது தூரமாக மாறும். நான் மனசுக்குள் சொல்லிக்கொள்வது: "இழு, மூச்சு, நீட்டு, உதை." "நீட்டு" உதைக்கு முன்னால் வருவதைக் கவனியுங்கள். எனக்கு 27 ஸ்ட்ரோக் 19 ஆனது இந்த ஒரே மாற்றத்தில். இது பிடிபட, ஒரு கை இழுப்புக்கு இரண்டு உதை என்று நீந்திப் பழகுங்கள். இரண்டாவது உதைக்குக் கை ஏற்கெனவே நீண்டு கிடக்கும். அந்த உதையில் உடம்பு எப்படிப் பாய்கிறது என்று உங்களுக்கே தெரியும். பிறகு ஒற்றை உதையிலும் அந்தப் பாய்ச்சலைத் தேடுவீர்கள்.

உதைத்தபிறகு? சும்மா இருக்க வேண்டும். இதுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. கிணற்றில் சும்மா இருந்தால் முங்கிவிடுவோம் என்ற பயம் உடம்பில் ஊறிப்போயிருக்கிறது. உதை கொடுத்த வேகம் முழுவதும் தூரமாக மாறுவது அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான். அதைப் பாதியில் கலைத்து அடுத்த ஸ்ட்ரோக்கைத் தொடங்கினால், சம்பாதித்ததை அப்படியே தண்ணீரிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

எவ்வளவு நேரம் இருப்பது? இதில் நான் மறுபக்கமும் போய்ப் பார்த்துவிட்டேன். ஒரு மாதம் ஸ்ட்ரோக் எண்ணிக்கையை மட்டும் குறைக்கும் வெறியில் 11 வரை இறங்கினேன். கடிகாரத்தைப் பார்த்தால் 38 நொடி. 13 ஸ்ட்ரோக்கில் 31 நொடிதான் ஆகியிருந்தது. வேகம் செத்துப்போகும்வரை மிதந்தால் மறுபடி நின்று கிளம்பும் நிலைதான். அதனால் இப்போது இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக வைத்துக்கொள்கிறேன்: 11-உம் 38-உம் சேர்ந்து 49, 13-உம் 31-உம் சேர்ந்து 44. கூட்டல் குறைந்தால் நீச்சல் தேறுகிறது. தண்ணீருக்குள் இருக்கும்போது காது சொல்லிவிடும். உதைத்ததும் காதோரம் தண்ணீர் சலசலவென்று ஓடும். அந்தச் சத்தம் மங்கத் தொடங்கும்போது அடுத்த இழுப்பைத் தொடங்குங்கள். முழுசாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இதில் எல்லாருக்கும் ஒரே அளவு கிடையாது. 2004 ஏதென்ஸ், 2008 பெய்ஜிங் இரண்டு ஒலிம்பிக்கிலும் 100, 200 மீட்டர் இரண்டையும் வென்ற ஜப்பானின் கொசுகே கிடாஜிமா நீண்டு நீண்டு போகிற ஸ்ட்ரோக்குக்குப் பேர்போனவர். பீட்டியோ கை, கால் இரண்டும் மின்னல் மாதிரி ஓடும் ஆள், மிதக்கும் நேரம் மிகக் குறைவு. 1992 பார்சிலோனாவில் 200 மீட்டரை உலகச் சாதனையோடு வென்ற அமெரிக்கர் மைக் பாரோமன், அலை மாதிரித் தோளை எழுப்பி முன்னால் பாயும் பாணியில் நீந்தினார். மூவரின் வீடியோவையும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பாணி எவ்வளவு மாறினாலும், உதை முடியும் அந்தக் கணத்தில் மூன்று பேருடைய உடம்பும் ஒரே கோடாக இருக்கும். என் வயதுக்கும் மூச்சுக்கும் கிடாஜிமாவின் வழிதான் ஒத்துவருகிறது. நாற்பது தாண்டியவர்களுக்கு அதையே சொல்வேன்.

சுவரில் திரும்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும் என்பது போட்டி விதி. போட்டி இல்லாவிட்டாலும் அப்படியே பழகுங்கள். சுவரை உதைத்ததும் கொஞ்சம் ஆழத்தில் போங்கள். மேற்பரப்பில் போனால் அலை எழுப்புவதிலேயே சக்தி செலவாகிறது. ஆழத்தில் அந்தச் செலவு குறைவு. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஜப்பானின் மசாரு ஃபுருகாவா 200 மீட்டரில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியிலேயே நீந்தித் தங்கம் வாங்கினார். அதற்கப்புறம்தான், தொடக்கத்திலும் திருப்பத்திலும் ஒரே ஒரு ஸ்ட்ரோக் மட்டும் அடியில் போகலாம் என்று கட்டுப்படுத்தினார்கள். அந்த ஒரு ஸ்ட்ரோக்கில் மட்டும் கையைத் தொடைவரை இழுக்கலாம். கிணற்றுப் பழக்கம் உதவும் ஒரே இடம் அதுதான். ஆனால் மூச்சை அடக்கிப் போட்டி போடும் விளையாட்டைத் தனியாக ஒருபோதும் செய்யாதீர்கள். வாய்க்காலிலும் இந்தப் பயிற்சி வேண்டாம். ஓடும் தண்ணீர் உங்கள் எண்ணிக்கையைக் கெடுப்பதோடு நிற்காது.

நான் வாரம் நாலு நாள், காலை ஐந்தே முக்காலுக்குப் போய் நாற்பது நிமிடம் நீந்துகிறேன். முதலில் சுவரை உதைத்து மிதப்பது ஆறு தடவை, எத்தனை வருஷம் ஆனாலும் இதை விடுவதில்லை. அப்புறம் மல்லாந்து உதை நாலு நீளம், இரண்டு உதை ஒரு இழுப்பு நாலு நீளம். பிறகு முழு நீச்சல் பதினாறு நீளம்; ஒவ்வொன்றிலும் எண்ணுவேன். எண்ணிக்கை இரண்டு கூடினால் நின்று ஓய்வெடுப்பேன். களைத்த உடம்பு பழைய தப்புக்குத்தான் போகும், அந்தத் தப்பையே பழகிக்கொண்டிருப்பதில் அர்த்தம் இல்லை.

அக்கா மகள் இப்போது 15 ஸ்ட்ரோக்கில் நிற்கிறாள். பத்து நீளம் தாண்டியதும் அவளுடைய வலது பாதம் மட்டும் திரும்ப மறுக்கிறது, மறுபடி பரதம் ஆடுகிறது. இடது பாதம் சரியாகத் திரும்புவதால் உடம்பு வலப்பக்கம் சாய்ந்து லேன் கயிற்றை உரசுகிறது. கயிறு உரசினால் பாதத்தை நினைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் நாங்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.